மூன்று பதாகையில் ஒரே முகம்

நான் கணக்கெழுதிச் சம்பளம் வாங்குகிறவன். அதனால்தான் இதைச் சொல்ல வெட்கம் கூட.

எங்கள் வீடு மட்டக்களப்பின் படுவான்கரையில், மண்டூரில். மூத்தவன் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியதும் எனக்குள் ஒரு மேளம் அடிக்கத் தொடங்கியது. எந்தப் பள்ளிக்கூடம்? 1814இல் வில்லியம் ஓல்ட் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியா, 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியா, விபுலானந்த அடிகள் 1929இல் கல்லடி உப்போடையில் திறந்த சிவானந்தாவா? அரசு பொறுப்பேற்கும்வரை மூன்றும் மிசன் பள்ளிக்கூடங்கள். இன்றைக்கும் மூன்றுக்கும் வாசலில் கூட்டம்தான்.

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். படகுப்பாதையில் வாவியைக் கடந்து, குருமண்வெளிப் பக்கம் பஸ் பிடித்து நகரத்துக்குப் போகும்போதெல்லாம் மதில் பதாகைகளைப் பார்த்து எழுதினேன்: மருத்துவம் எத்தனை, பொறியியல் எத்தனை, மூன்று ஏ எத்தனை. கூடின எண்ணுக்கு மகனைக் கொடுத்தேன். (அடிகளாரே புனித மிக்கேலில் படித்தவர்தான். அதற்கெல்லாம் என் கொப்பியில் நிரல் இல்லை.)

எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லமாட்டேன். பிழை அதனுடையதல்ல. உயர்தரத்தில் மகனுக்கு வணிகம் படிக்க ஆசை. பதாகையில் மருத்துவம்தானே பெரிய எழுத்தில் இருந்தது, நான் உயிரியல் என்றேன். ஒரு சி, இரண்டு எஸ். கொப்பியில் அவனுக்கும் நிரல் இல்லை.

அந்த வருடப் பதாகைகளில்தான் ஒரே பெடியனின் முகத்தை மூன்று இடத்தில் பார்த்தேன். சாதாரணதரம் வரை படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்று, உயர்தரத்துக்கு மாறிப்போன நகரப் பள்ளிக்கூடத்தில் ஒன்று, ரியூசன் வாசலில் இன்னொன்று. ஒரே வரவை மூன்று பேர் தங்கள் பேரேட்டில் பதிந்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் நடந்திருந்தால் கணக்காய்வாளர் விட்டிருப்பாரா?

அதைவிட மோசமானது இன்னொன்று. மருத்துவம் போன்ற துறைகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆக, மட்டக்களப்புக்கு வரும் இடங்களில் பெரும்பங்கு முன்கூட்டியே அளந்து வைத்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு கூடினால் அநேகமாக இன்னொன்றில் இரண்டு குறையும். பானை ஒன்று, அகப்பைதான் வேறு. நான் வருடக்கணக்காக அகப்பையை அளந்துகொண்டிருந்தேன். வெட்டுப்புள்ளி வைத்துப் பொறுக்கியெடுத்த பிள்ளைகள் நன்றாக எழுதுவார்கள். அதில் பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு என்று பதாகை சொல்லாது.

புலமைப்பரிசில் முடித்த பிள்ளையோடு நிற்கும் தகப்பன்மாரே, தாய்மாரே, அதிபரைச் சந்திக்கும்போது மூன்று எண் கேளுங்கள். ஆறாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் உயர்தரத்துக்குத் தோற்றியவர்கள் எத்தனை பேர்? நடுத்தரமாகப் படித்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? இந்த மூன்றையும் நான் எந்த மதிலிலும் கண்டதில்லை.