கண்ணுக்கு ஒரு வேலை

எங்கள் திரைப்படச் சங்கத்தின் படத்தேர்வுப் பொறுப்பை இந்த ஆண்டு இளையவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். அதையொட்டி நடந்த கூட்டத்தில் பேசிய ஒருவர், "சார் இத்தனை வருஷமா செஞ்ச வேலைய இப்ப செல்போன் ஒரு நொடியில செஞ்சிடுது" என்றார். பாராட்டாக நினைத்துத்தான் சொன்னார். கைதட்டலும் கிடைத்தது. எனக்குச் சுருக்கென்றது. நான் செய்த வேலை என்னவென்று அவருக்கும் தெரியவில்லை, கைதட்டியவர்களுக்கும் தெரியவில்லை. இதைப் பற்றி யாரும் எழுதி வைத்ததில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

நேற்றுப் பார்த்த படத்தைப் போலவே இன்னொன்றை செல்போன் எடுத்து நீட்டும். பலர் பார்த்ததைத்தான் நமக்கும் காட்டும். யாரும் தேடாத படம் அதன் கணக்கில் வருவதே இல்லை. அப்படிப்பட்ட படத்தை ஒரு ஆள் பார்த்து, அசைபோட்டு, இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால், அது ஏன் பார்வையாளர்களை வந்தடையவில்லை என்பதை அந்த ஆள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஓடாத படம் என்றால் சரியில்லாத படம் என்று நினைப்பவர்கள் நிறைய. ஆனால் ஒவ்வொரு படமும் முடங்கியது ஒவ்வொரு காரணத்தால். 'மறுபக்கம்' எடுத்துக்கொள்ளுங்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' குறுநாவலை கே.எஸ். சேதுமாதவன் படமாக்கினார். சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை தமிழுக்கு முதன்முதலாக வந்தது அந்தப் படத்தால்தான். என்.எஃப்.டி.சி. தயாரிப்பு, தூர்தர்ஷனில் பார்த்தவர்கள் பார்த்ததோடு சரி. கமல் ஸ்வரூப் 1988இல் முடித்த 'ஓம் தர்-ப-தர்' தியேட்டருக்கு வந்தது 2014இல். நடுவில் அது டேப்பிலும் காப்பியிலும் கை மாறிக்கொண்டிருந்தது. ஈரானில் முகமது ரெசா அஸ்லானி 1976இல் எடுத்த 'செஸ் ஆஃப் தி விண்ட்' புரட்சிக்குப் பின் தடைபட்டுத் தொலைந்தே போனது. டெஹ்ரானில் ஒரு பழைய சாமான் கடையில் அதன் நெகடிவ் கிடைத்தது 2014இல்தான்.

காரணம் தெரிந்தால் பரிந்துரைக்கும் முறையே மாறும். சார்ல்ஸ் பர்னெட் மாணவராக இருந்தபோது எடுத்த படம் 'கில்லர் ஆஃப் ஷீப்'. லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில், ஆட்டுத்தொட்டியில் வேலை பார்க்கும் ஒரு கறுப்பினத் தொழிலாளியின் வீடும் தெருவும்தான் படம். 1970களின் கடைசியில் முடிந்தது. உள்ளே வரும் பாடல்களுக்கு உரிமை வாங்கப் பணமில்லாமல் 2007 வரை முறையாக ரிலீஸ் ஆகவில்லை. நான் இதைத் திரையிடும்போது கதையைச் சொல்லமாட்டேன். இந்தப் பாட்டுகளுக்காகத்தான் இந்தப் படம் இத்தனை காலம் பெட்டிக்குள் கிடந்தது என்பதை மட்டும் சொல்வேன். டைனா வாஷிங்டனின் பாட்டுக்குக் கணவனும் மனைவியும் ஜன்னலோரம் மெதுவாக ஆடும் காட்சி வரும். பாட்டைப் பற்றிச் சொல்லியிருந்தால் அரங்கம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். சொல்லாவிட்டால் அதே நேரத்தில் நாலு பேர் வெளியே போய் டீ குடிப்பார்கள். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் சங்கத்தின் பழைய செயலாளர். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. புனேயிலிருந்து ஆர்க்கைவ்ஸ் பிரிண்ட் வந்தால் ரயிலடியில் கேனை வாங்குவதும் அவர்தான், மறுநாள் ரீவைண்ட் செய்து திருப்பி அனுப்புவதும் அவர்தான். சப்டைட்டில் ஆங்கிலத்தில் ஓடும், வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அதை எட்டிப்பிடிக்க முடியாது. ஆகவே படத்தை முதல்நாளே தனியாக ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் வசனம் முக்கியம் என்று குறித்து, தமிழில் ஒரு பக்கம் எழுதி, சைக்ளோஸ்டைல் போட்டுக் கையில் கொடுப்பார். கதை முழுக்க அதில் இருக்காது. ஆட்கள் யார், யாருக்கு யார் என்ன உறவு, எந்த இடத்தில் குழம்பும் என்பது மட்டும் இருக்கும்.

அறிமுக உரையில்தான் அவர் கெட்டிக்காரர். நான் முதலில் பேசத் தொடங்கிய காலத்தில், படம் வாங்கிய விருது, இயக்குநரின் வாழ்க்கை, விமர்சகர்கள் சொன்னது எல்லாவற்றையும் கொட்டுவேன். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கதையச் சொல்லாதலே. காவியம்னும் சொல்லாத. கண்ணுக்கு ஒரு வேலையக் குடு. மிச்சத்தப் படம் பாத்துக்கிடும்."

அவர் 'வீடு' திரையிட்டபோது அதைக் கண்ணால் கண்டேன். பாலு மகேந்திராவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். படத்தைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருக்கவில்லை. பெயர் தெரிந்துவிட்டதாலேயே பார்க்காமல் விடப்படும் படங்கள் ஒரு தனி வகை. அண்ணாச்சி எழுந்து, "இதுல தாத்தாவா வாரவர் சொக்கலிங்க பாகவதர், நாடகத்துல இருந்து வந்தவர். அவரு கையப் பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அந்தக் கிழவர் குடையோடு தனியாக வருவார். சுவரைத் தொடுவார், தடவுவார். இளையராஜாவின் வயலின் அந்த இடத்தில் வரும். அதுவரை சளசளவென்றிருந்த கூட்டம் அப்படியே அடங்கியது. கையைப் பார்க்கச் சொல்லியிராவிட்டால், அதை வீடு பார்க்க வந்த கிழவர் என்று கடந்து போயிருப்பார்கள்.

அவரையே திணறடித்த படம் ஒன்று உண்டு. ஈரானியக் கவிஞர் ஃபரூக் ஃபரோக்ஸாத் எடுத்த ஒரே படம், 'தி ஹவுஸ் இஸ் பிளாக்'. தப்ரீஸ் அருகே ஒரு தொழுநோயாளர் குடியிருப்பில் 1962இல் எடுத்தது, இருபது நிமிடம் சொச்சம். தயாரித்தவர் இப்ராஹிம் கோலஸ்தான். 1963இல் ஓபர்ஹவுசன் விழாவில் பரிசு பெற்றது. 1967இல் கார் விபத்தில் ஃபரூக் இறந்தபோது வயது 32. டிவிடி காலம் வந்த பிறகுதான் படம் எங்கள் கைக்கு எட்டியது.

நோட்டீஸில் தொழுநோய் என்று போட்டால் ஆள் வராது. கவிஞர் எடுத்த படம் என்று போட்டு அழைத்தால் வந்தவர்களை ஏமாற்றியதாகிவிடும். ஆனால் அண்ணாச்சி கவலைப்பட்டது வேறொன்றுக்கு. நம்மூர்க்காரன் கண்ணில் இந்த நோய்க்கு ஏற்கெனவே ஒரு முகம் இருக்கிறது. அது 1954இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' எம்.ஆர். ராதாவின் முகம். செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனையாகத்தான் அந்தப் படத்தில் நோய் வருகிறது. ராதாவின் நடிப்பு அவ்வளவு பெரியது என்பதால் அரை நூற்றாண்டு கழித்தும் அந்த முகம் அழியவில்லை. அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறவன் ஃபரூக்கின் மனிதர்களைப் பார்த்தால் பயப்படுவான், அல்லது ஐயோ பாவம் என்பான். படம் இரண்டையும் கேட்கவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் பெண், நோயுள்ள கையால் குழந்தைக்குத் தலைவாரும் தாய், பந்து விளையாடும் பையன்கள் என்று அங்கே வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்கும் கண்ணைத்தான் கேட்கிறது.

பல நாள் யோசித்து அவர் கண்டுபிடித்த வழி இது. நோட்டீஸில் நோயின் பெயரை மறைக்காமல் போட்டார். உரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இதுல ஒரு பள்ளிக்கூடம் வரும். வாத்தியார் ஒரு பையன எழுப்பிக் கேள்வி கேப்பாரு. பையன் யோசிப்பான். யோசிக்கும்போது அவன் மொகத்தப் பாருங்க" என்றார். வகுப்பறைக் காட்சி வருவது படத்தின் கடைசிப் பகுதியில். அது எப்போது வரும் என்று காத்திருந்ததால் முன்னால் வந்த ஒவ்வொரு முகத்தையும் கூட்டம் தேடித்தேடிப் பார்த்தது. அழகான பொருள்கள் சிலவற்றைச் சொல்லு என்று வாத்தியார் கேட்க, ஒரு பையன் நிலா, சூரியன், பூ, விளையாட்டு என்கிறான். அழகில்லாதவற்றைச் சொல்லு என்றதும் இன்னொருவன் கை, கால், தலை என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. பிறகு ஒருவன் கரும்பலகை முன்னால் போய் நின்று யோசிக்கிறான். அவன் என்ன எழுதுகிறான் என்று அண்ணாச்சி சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன்.

அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனை ஃபரூக் தத்தெடுத்துக்கொண்டார். இந்தத் தகவலை அண்ணாச்சி படம் முடிந்து விளக்கு போட்ட பிறகுதான் சொன்னார். முன்னால் சொல்லியிருந்தால் கூட்டம் ஃபரூக்கின் நல்ல மனதைப் பார்த்திருக்கும், படத்தைப் பார்த்திருக்காது. எதைச் சொல்வது என்பதைவிட எப்போது சொல்வது என்பது கடினம். உப்பை எப்போது போடுவது என்று தெரியாமல் அளவு மட்டும் தெரிந்து என்ன பயன்?

இன்றைக்கு இதற்கெல்லாம் யாருக்கும் பொறுமை இல்லை. 'நீங்கள் தவறவிட்ட ஐம்பது படங்கள்' என்று பட்டியல் போடுகிறார்கள். போட்டவரிடம் நான்கைந்து கேள்வி கேட்டால் பாதிப் படங்களை அவரே பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும். இன்னொரு பட்டியலிலிருந்து எடுத்திருப்பார். மூன்று நிமிடத்தில் கதையைச் சொல்லி, முடிவையும் சொல்லி, படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். 'அவள் அப்படித்தான்' படத்தின் கடைசிக் காட்சியைத் துண்டாக வெட்டிப் போட்டு, தமிழின் தைரியமான படம் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். ருத்ரய்யா 1978இல் அந்த முடிவுக்காக முழுப் படத்தையும் கட்டினார். அது ஓசியில் போய்விட்டது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். சதுரச் சட்டகத்தில் எடுத்த படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டு, முகமெல்லாம் உப்பலாகத் தெரிவதை யாரும் கவனிப்பதில்லை. பால்ய வயதிலிருந்தே திரையோடு வளர்ந்த தலைமுறைக்கு இது கண்ணை உறுத்த வேண்டாமா?

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931இல் வந்தது, இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. அது பழங்கதை என்றால், 1988இல் வந்த 'வீடு' படத்துக்கும் அடுத்து வந்த 'சந்தியா ராக'த்துக்கும் நெகடிவ் இல்லாமல் போனதைப் பாலு மகேந்திராவே வேதனையோடு சொன்னார். தமிழ் சினிமாவுக்கென்று ஒரு காப்பகம் வேண்டும் என்று 2014இல் இறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். சினிமாவிலிருந்து வந்தவர்கள் இத்தனை காலம் ஆண்ட மாநிலத்தில் அது நடக்கவில்லை. மலையாளத்தில் அரவிந்தனின் 'கும்மாட்டி'யையும் 'தம்பு'வையும் மீட்டெடுத்து உலக விழாக்களில் காட்டுகிறார்கள். நம் படங்களுக்கு அந்த வழி பிறக்க வேண்டுமானால், இவை முக்கியமானவை என்று முதலில் பத்துப்பேர் நம்ப வேண்டும். அந்தப் பத்துப்பேரை உண்டாக்குவதுதான் பரிந்துரைப்பவனின் வேலை.

பொறுப்பை ஏற்றிருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஐம்பது பெயர் வேண்டாம், ஐந்து படம் போதும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாருங்கள். ஏன் முடங்கியது என்று விசாரியுங்கள். யாருக்குக் காட்டப்போகிறீர்கள், அவர்கள் கண்ணில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். லிங்க்கை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல் கூடவே உட்காருங்கள், அதுவும் பக்கவாட்டில், பார்க்கிறவர்களின் முகம் தெரிகிற இடத்தில். அடுத்த மாதம் என்ன படம் போடுவது என்பதற்கு அந்த முகங்களிலிருந்துதான் பதில் கிடைக்கும்.