தண்டல் இட்லி!

போரூர்ல இருந்து பூந்தமல்லி பஸ்ஸைப் பிடிச்சா, ஐயப்பன்தாங்கலுக்கு அடுத்து காட்டுப்பாக்கம். இந்த ரோட்டோரத்துல டிபன் வண்டி போடற அக்காக்கள்ல பலருக்குக் கைமுதலே தண்டல்தான் பாஸ்! 10,000-க்குக் கணக்கு எழுதி, கையில 9,000 தருவாங்க. தினம் 100 ரூபா, நூறு நாள் கட்டணும். பத்து பர்சன்ட்தானேன்னு நினைக்காதீங்க... அசல் தினமும் குறையுதே! கால்குலேட்டரைத் தட்டுங்க, வருஷ வட்டி 75 சதவிகிதத்தைத் தாண்டும்.

1982-ல் மெரினாவில் வண்டி போட்ட பேட்ரிஷியா நாராயண், முதல் நாள் வித்தது ஒரே ஒரு காபி. வசூல் 50 பைசா! ரெண்டு பிள்ளைகளோட தவிச்சவங்க, மறுநாளும் வந்தாங்க. 2010-ல் பெண் தொழில்முனைவோருக்கான ஃபிக்கி விருது வாங்கினாங்க. ஆனா, ஆரம்பத்துல அவங்களுக்குப் பணம் கொடுத்தது அம்மா, தண்டல்காரர் இல்ல.

அதே 50 பைசா நாள் காட்டுப்பாக்கத்துல வந்தா? அன்னிக்கும் 100 ரூபா எடுத்து வைக்கணும். 'நாளைக்குத் தர்றேன்க்கா'ன்னு நாம கை கழுவிட்டுப் போற நாள்லயும்தான்.