கடற்காற்றிலும் மொறுமொறு பாப்கார்ன்!

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போகும் வழியில், தண்டையார்பேட்டையில் இருந்தது அகஸ்தியா தியேட்டர். 1967 முதல் வடசென்னைக்குப் படம் காட்டிய அது, 2020-ல் மூடப்பட்டது. இப்போது பலருக்கும் படம் செல்போனில். இடைவேளை பாப்கார்ன் வீட்டு அடுப்பில்.

ஆனால், காசிமேடு முதல் எண்ணூர் வரை வீசுவது ஈரமான கடற்காற்று. பொரித்த பாப்கார்ன் சீக்கிரமே நமுத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், சோளம் பொரிவதே ஈரத்தால்தான்! மணிக்குள் சுமார் 14 சதவிகிதம் ஈரம் உண்டு. சுமார் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது ஆவியாகி, அழுத்தம் தாங்காமல் தோல் வெடிக்கிறது. காய்ந்துபோன மணி பொரியாது. எனவே, பாப்கார்ன் சோளத்தைக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

அடிகனமான பாத்திரத்தில் எண்ணெயும் மூன்று மணிகளும் போட்டு மூடுங்கள். அவை வெடித்ததும், மீதியை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஆவி வெளியேற மூடியில் சிறு இடைவெளி விடுங்கள்; அடைத்து மூடினால் பொரி சவசவத்துவிடும். வெடிச்சத்தம் குறைந்ததும் அடுப்பை அணைத்து, அகலமான தட்டில் கொட்டி, தூள் உப்பைத் தூவுங்கள்.

அப்படியும் நமுத்துவிட்டதா? வெறும் வாணலியில், சிறு தீயில் புரட்டியெடுங்கள். மறுபடி மொறுமொறுதான்!