பழவேற்காட்டிற்கு ஒரு பேருந்துச் சீட்டு

பயணத்தைக் கல்வியின் ஒரு கூறாகவே நம் முன்னோர் கருதினர். ஒரே ஒரு நபிமொழியை அறிந்தவர் வாயிலாகக் கேட்பதற்கென்று ஒரு மாத காலம் ஒட்டகத்தின் மீது வழி கடந்த நபித்தோழரின் வரலாற்றை மதரஸாவில் ஓதிய எவரும் மறந்திருக்க மாட்டார். 1325ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டிலிருந்து புறப்பட்ட இப்னு பத்தூத்தா தமிழகக் கரையிலும் இறங்கி, மதுரை சுல்தானின் அவையைக் கண்டு, அதனைத் தம் பயண நூலில் எழுதி வைத்தார். அத்தகைய நூலுக்கு அரபியில் 'ரிஹ்லா' என்று பெயர். ஒட்டகத்தின் சேணத்தைக் குறிக்கும் 'ரஹ்ல்' என்ற சொல்லின் உறவு அது. நம் இல்லங்களில் திருமறையை விரித்து வைக்கும் ரைஹால் பலகைக்கும் அச்சேணமே பெயர் தந்தது. பயணத்திற்கும் ஓதுதலுக்கும் ஒரே வேர்ச்சொல் அமைந்தது சிந்திக்கத் தக்கது.

இன்று நம் குடும்பங்கள் பயணத்தில் குறைந்தவையல்ல. உம்ராவுக்குச் செல்கிறோம், பிள்ளைகளைக் காண துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் செல்கிறோம், கோடையில் உதகைக்குப் போகிறோம். ஆனால் ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கும் ஊரை மட்டும் பார்ப்பதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதியில் நாம் பாடம் சொல்லிக் கொடுக்கும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு கேட்டார்: "ஹஜ்ரத், மதுரைக்குக் கோயில் இருக்கிறது, தஞ்சாவூருக்குப் பெரிய கோயில் இருக்கிறது, நாகூருக்குத் தர்கா இருக்கிறது. நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? கம்பெனிதானே இருக்கிறது!"

நியாயமான கேள்விதான். இரும்பு உருக்கும் புகையையும், ஷிஃப்டு மாறும் வேளையில் சைக்கிள்களில் விரையும் வடநாட்டுத் தொழிலாளர்களையும், நெடுஞ்சாலையில் ஓயாத லாரிகளையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? ஆயினும் 1997இல் உருவான இந்தத் திருவள்ளூர் மாவட்டம் மனித வரலாற்றின் மிகப் பழைய ஏடுகளுள் ஒன்று. பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அண்மையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலார் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் ஆய்வாளர் அறிவித்தனர். மாணவரிடம் இவற்றைச் சொன்னோம். ஆனால் சொல்லக் கேட்டது மனத்தில் தங்காது, கண்ணால் கண்டதே தங்கும் என்று கருதி, ஒரு ஜனவரி மாத ஞாயிறன்று மாணவர் ஐவருடன் பழவேற்காட்டிற்குப் புறப்பட்டோம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து தெற்கே கவரைப்பேட்டையைக் கடந்து, தச்சூர் கூட்டுச் சாலையில் இடப்புறம் திரும்பினால் பொன்னேரி. அங்கே பேருந்து மாறினால் மேதூர், திருப்பாலைவனம் வழியாகக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் பழவேற்காடு. வாடகைக் காரில் செல்வோர் விரைவில் சென்று சேர்வர், ஐயமில்லை. ஆனால் பேருந்தில் செல்வோர்க்கு வழியும் ஊராகிறது. நெல் வயல்கள் மெல்ல மெல்ல உவர் நிலமாக மாறுவதையும், காற்றில் உப்பின் வாடை ஏறுவதையும், காலை வியாபாரம் முடித்துக் காலிக் கூடைகளுடன் திரும்பும் மீனவப் பெண்களின் பேச்சையும் கண்ணாடி மூடிய காருக்குள் இருந்து அறிய முடியாது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். வீட்டுப் பெண்களை வெளியே அழைத்துச் செல்லச் செலவைக் காரணம் காட்டுவோர்க்கு இனி அந்தக் காரணம் இல்லை.

பழைய வேலமரக் காடு என்பதே பழவேற்காடு என்பர். ஐரோப்பியர் நாவில் அது 'புலிகாட்' ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தனர். பின்னர் டச்சுக்காரர் வந்து 1613இல் கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வணிகத்திற்கு இவ்வூரையே தலைமையிடமாகக் கொண்டனர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. கோட்டை இருந்த இடத்தில் இன்று புதரும் மேடும்தான் உண்டு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. அதன் வாயிலில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்களைக் கண்ட மாணவர்கள் முதலில் நகைத்தனர், பிறகு மௌனமாயினர். மரணத்தை நினைவூட்டும் உபதேசம் எம்மொழியில் இருந்தாலும் விளங்கிவிடுகிறது.

கல்லறைகளின் மீது பெயர்களும் ஆண்டுகளும் குடும்பச் சின்னங்களும் அழகுறச் செதுக்கப்பட்டுள்ளன. ஆனால் அவர்தம் செல்வத்தை நெய்து கொடுத்த தறிக்காரர்க்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. பஞ்ச காலங்களில் விற்கப்பட்டு, பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையிலிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான அடிமைகளுக்கும் இல்லை. கல்லின் வேலைப்பாட்டை வியந்துவிட்டு இதைச் சொல்லாமல் போனால் பிள்ளைகளுக்குப் பாதி வரலாற்றையே சொன்னவர்களாவோம்.

நெசவாளர் பெயர் கல்லில் ஏறவில்லையாயினும் அவர்தம் ஊரின் பெயர் துணியில் ஏறியது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆடவர் பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்லும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் மலாய் மொழியில் 'கைன் பெலிகாட்' என்றே பெயர். கைன் என்றால் துணி. பெலிகாட் என்பது இந்தப் பழவேற்காடு! பெரிய தந்தையார் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த கைலியை வீட்டில் வைத்திருக்கும் மாணவர் ஒருவர் இதைக் கேட்டு வியந்து நின்றார். வெளிநாட்டுச் சரக்கென்று பெட்டியில் போற்றி வைத்திருந்ததன் பெயர், இரண்டு பேருந்துத் தொலைவில் இருந்த ஊரின் பெயராக இருந்தது.

இவ்வூர்ப் பள்ளிவாசலில் நிழற்கடிகாரம் ஒன்றுண்டு. தொழுகை நேரங்களை நிழல் கொண்டு கணிக்கும் இக்கலையை 'இல்முல் மீக்காத்' என்று நம் ஆலிம்கள் ஓதினர். வெயில் ஏறும் வரை நிழல் குறுகுகிறது. உச்சி சாய்ந்து அது நீளத் தொடங்கும் கணத்தில் லுஹரின் நேரம் தொடங்குகிறது. "கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனதும் உச்சிதானே?" என்றார் ஒரு மாணவர். இல்லை. நாட்டின் திட்ட நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு அமைந்தது. பழவேற்காடோ அதற்கு மேற்கே 2 பாகைக்கு மேல் தள்ளி இருப்பதால் இங்குச் சூரியன் ஏறத்தாழ 9 நிமிடம் பிந்துகிறது. அதனுடன் ஆண்டின் பருவ வேறுபாடும் சேரும். பிப்ரவரி நடுவில் இங்கே உச்சிப் பொழுது 12.23 மணியளவில், நவம்பர் தொடக்கத்தில் 11.52 மணியளவிலேயே வந்துவிடும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் உச்சியில் நிழலே விழாத நாட்கள் வரும். அவற்றிற்கு இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தென்புறம் சாயும். இவற்றையெல்லாம் கணித்தவர்கள் கையில் கைபேசி இல்லை. ஒரு கோலும் ஒரு தளமும் பொறுமையும் இருந்தன.

பகல் தொழுகைக்குப் பின் அறிமுகமான ஓர் அன்பர் எங்களைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். திண்ணையில் அவருடைய தாயார் பனை ஓலைப் பெட்டி பின்னிக் கொண்டிருந்தார். இவ்வூர் முஸ்லிம் பெண்களின் கைத்தொழில் அது. நாம் அரபுத்தமிழ் அறிந்தவர் என்று தெரிந்ததும் அம்மூதாட்டியார் எழுந்து சென்று, துணியில் சுற்றிய காகிதக் கட்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய பாட்டனார் இரங்கூனில் வணிகம் செய்த நாளில் மனைவிக்கு எழுதிய கடிதங்கள், மொத்தம் பதினொன்று. மடிப்புகளில் காகிதம் உதிரத் தொடங்கியிருந்தது.

அர்வி எனப்படும் அரபுத்தமிழைப் பற்றி இளையோர்க்குச் சிறிது சொல்ல வேண்டும். அது வேறு மொழியன்று. அரபு எழுத்தில் எழுதப்படும் தமிழ். அரபியில் இல்லாத ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுத்துகள் அமைத்துக் கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற பெருமக்கள் மார்க்கச் சட்ட நூல்களை இவ்வெழுத்தில் இயற்றினர். பள்ளிக்கூடம் எட்டாத நம் பெண்கள் திருமறை ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே நூல் படித்தனர், கடிதம் எழுதினர். எழுத்தறியாதவர் என்று பிறர் எண்ணிய நம் பாட்டியரிற் பலர் எழுத்தறிந்தவரே.

ஒரு கடிதத்தை மாணவரிடம் கொடுத்து ஓதச் சொன்னோம். பொருள் விளங்காத அரபி என்று எண்ணிய அவர், எழுத்துக் கூட்டி மெல்ல ஓதினார். புள்ளி கூடிய எழுத்துகளை மட்டும் நாம் சுட்டிக் காட்டினோம். மூன்றாவது வரியில் அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஹஜ்ரத், இது தமிழ்!" பிறகு ஐவரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓதினர். மழைக்கு முன் கூரையை வேய்ந்துவிடச் சொல்லியிருந்தார் பாட்டனார்; பிள்ளையின் காய்ச்சல் தணிந்ததா என்று கேட்டிருந்தார். அப்பிள்ளைதான் தம் தாய் என்றார் மூதாட்டியார். இளமையில் தாமே ஓதிவந்த கடிதங்கள். கண் மங்கியபின் ஓதிக் காட்ட வீட்டில் ஒருவரும் இல்லை. "எனக்குப் பிறகு இதைக் குப்பை என்றுதானே எடுத்துப் போடுவார்கள்?" என்று அவர் கேட்டபோது அன்பர் தலை குனிந்தார்.

அன்று இரண்டு கடிதங்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதிக் கொடுத்தோம். அதன்பின் மாதம் ஒரு ஞாயிறு மாணவர்கள் தாமே பேருந்தேறிச் செல்கின்றனர். இதுவரை ஏழு முடிந்திருக்கின்றன.

மாலையில் ஏரிக்கரைக்குச் சென்றோம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் அடங்கும். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக இறங்கி ஆழமற்ற நீரில் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து இரை தேடுகின்றன. மீனவர் வலையிடும் முறையைப் 'பாடு' என்ற பழைய ஏற்பாட்டால் தமக்குள் வரிசை வைத்துப் பகிர்ந்து கொள்கின்றனர். தெற்கே அனல்மின் நிலையங்களும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் எழுந்துள்ளன. தொழில் வேண்டாம் என்று நாம் சொல்லோம். நம் மாணவரின் தந்தையர் உண்ணும் சோறு தொழிற்சாலைச் சோறு. ஆனால் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரிக்குக் கடல்நீர் வரவு குன்றும், மீன் குன்றும், பறவையும் குன்றும். இங்கே எது எதனைத் தாங்கி நிற்கிறது என்பதை அறியாதவரால் எதையும் காக்க இயலாது.

வாசக அன்பர்களே! கோட்டையையும் கல்லறையையும் காக்க அரசுத் துறைகள் உண்டு. வீட்டுப் பரணில் உள்ள காகிதத்தைக் காக்க வீட்டாரன்றி வேறு எவருமில்லை. உங்கள் ஊரிலும் உங்கள் பாட்டியாரின் பெட்டியிலும் அரபு எழுத்தில் ஏதேனும் ஏடு இருக்கக்கூடும். 'அரபி' என்று எண்ணிக் கண்ணில் ஒற்றி மூடிவிடாதீர்கள்; வாய்விட்டு ஓதிப் பாருங்கள், தமிழாகவும் இருக்கலாம். அறிந்த ஆலிம் ஒருவரை நாடி, அவர் இருக்கும்போதே பெயர்த்து எழுதி வையுங்கள். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள பழைய ஊருக்குப் பேருந்தேறுங்கள். பழவேற்காட்டில் இன்னும் நான்கு கடிதங்கள் மிச்சமிருக்கின்றன. இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறன்று காலைப் பேருந்தில் நாமும் உடன் செல்கிறோம்.