ஃப்ரீசரும் உளியும் திங்காத மாம்பழமும்

மே மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. ஆணி புடுங்குற வேலை இல்லாத நாளாச்சே, பத்து மணி வரைக்கும் தூங்கலாம்னு இருந்தேன். ஏழரைக்கு (ஆமாங்க, கரெக்டா ஏழரை!) அம்மாகிட்ட இருந்து வீடியோ கால்.

"தம்பி, ஃப்ரீசர் கதவு மூட மாட்டேங்குதுடா. ஒரே ஐஸா கட்டிக் கெடக்கு. உங்கப்பா சரி பண்றேன்னு உக்காந்துட்டாரு."

அப்பா ஃபிரிட்ஜ் முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்திருக்கார். ஒரு கையில உளி. இன்னொரு கையில கொட்டாப்புளி.

எங்க ஊர் அரும்பாவூர். பெரம்பலூர் மாவட்டம், பச்சைமலை அடிவாரம். மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர், 2020-ல புவிசார் குறியீடு கூட கிடைச்சுது. அப்பாவும் உளி புடிச்ச கைதான். வாகை மரத்துல இருந்து சாமி முகத்தையே வெளிய கொண்டு வர்றவருக்கு ஐஸ் எம்மாத்திரம்?

"அப்பா, உளியைக் கீழ வைங்க!" நான் போட்ட சத்தத்துல பக்கத்துல தூங்கிட்டிருந்த ரூம்மேட் எந்திரிச்சுட்டான்.

"மரத்துல நூல் கனத்துக்கு எடுக்குறவன்டா நான்..."

மரம் வேற, இது வேறங்க. எங்க வீட்டுல இருக்குறது சிங்கிள் டோர், டைரக்ட் கூல் வகை. அதுல ஃப்ரீசரோட அலுமினியத் தகடு வெறும் சுவர் இல்ல, கேஸ் ஓடுற பாதையே அதுக்குள்ளதான் இருக்கு. உளி முனை ஒரு இடத்துல இறங்கினா போதும், கேஸ் மொத்தமும் காலி. இப்ப வர்ற நிறைய ஃபிரிட்ஜ்ல அந்த கேஸ் ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற சமாச்சாரம் வேற.

ஒரு வழியா உளி கீழ போச்சு. ப்ளக்கைப் புடுங்கச் சொல்லி, ஃப்ரீசருக்குள்ள ஒரு பாத்திரத்துல சுடுதண்ணி, கீழ பழைய வேட்டி, எதிர்க்க டேபிள் ஃபேன். ஐஸ் உருகுற நேரத்துல நம்ம தொழில் ஆரம்பம், அதாங்க டீபக்கிங்.

முதல்ல கதவு ரப்பர். பத்து ரூபா நோட்டை இடுக்குல வெச்சு மூடி இழுக்கச் சொன்னேன். கீழ் மூலையில நோட்டு வழுக்கிட்டு வந்துருச்சு. அந்த வழியா உள்ள போற காத்துல இருக்குற ஈரம்தான் ஐஸா படியுது. சோப்புத் தண்ணியில துடைச்சு, வெந்நீர்த் துணியால ஒத்தடம் குடுத்தா ரப்பர் கொஞ்சம் இளகி ஒட்டும். ஒட்டலைன்னா மாத்தணும்.

ரெண்டாவது, சூடு ஆறாத குழம்பை மூடி போடாம உள்ள வைக்கிறது. ஆவி எங்க போகும்? நேரா ஃப்ரீசர்தான்.

மூணாவதா நாப் எதுல இருக்குன்னு கேட்டேன். ஏழுல! "வெயிலு அந்த அடி அடிக்குது, அதான் கூட்டி வெச்சேன்"னாங்க அம்மா. அந்த நம்பர் டிகிரி இல்லைங்க. எவ்வளவு குளிர்ந்த பிறகு கம்ப்ரஸர் நிக்கணும்னு சொல்ற கணக்கு. ஏழுல வெச்சா அது நிக்கவே யோசிக்கும். அதோட கெட்டியா படிஞ்ச ஐஸ் போர்வை மாதிரி, குளிரைக் கீழ விடாது. கீழ் தட்டுல காய் வாடும், ஃப்ரீசரை ஒட்டின ட்ரேல மட்டும் எல்லாம் உறையும்.

ட்ரேன்னு வாயில வந்ததும்தான் சுருக்குன்னுச்சு. "அம்மா, அப்பாவோட இன்சுலின் எங்க வெச்சிருக்க?"

"அந்த ட்ரேலதான். நல்லா ஜில்லுனு இருக்கட்டும்னு ரெண்டு வாரம் முன்னாடி மாத்தினேன். காலையில கல்லு மாதிரி இருக்கும். கையில வெச்சு உருட்டி இளக்கிட்டுத்தான் ஊசி போடுவேன்."

தூக்கம் சுத்தமா போச்சு.

இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேணும். ஒரு தடவை உறைஞ்சுட்டா அவ்வளவுதான், உருக்கினாலும் பழைய வீரியத்தை நம்ப முடியாது, தூக்கித்தான் போடணும். பாட்டிலைக் கேமராகிட்ட காட்டச் சொன்னேன். பால் மாதிரி கலங்கி இருக்க வேண்டிய மருந்துல துகள் துகளா மிதக்குது.

அந்த ரெண்டு வாரமா அப்பாவுக்கு சர்க்கரை முந்நூறுக்குக் கீழ இறங்கல. மாம்பழ சீசன். திருட்டுத்தனமா திங்கிறாருன்னு அம்மா சொல்ல, நானும் போன்ல அரை மணி நேரம் லெக்சர் அடிச்சிருந்தேன். "நான் தொடவே இல்லடா"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னார். யாரும் நம்பல. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா டோஸை ஏத்தலாம்னு டாக்டர் சொல்லியிருந்தார். ஏத்தின பிறகு ஒரு நல்ல பாட்டிலைத் திறந்திருந்தா? சர்க்கரை தடாலுன்னு இறங்கியிருக்கும். அதுக்கு மேல யோசிக்க எனக்குத் தைரியம் இல்ல.

உடனே டாக்டருக்கு போன், விஷயத்தைச் சொல்லி அவர் சொன்னபடி புது பாட்டில், அதே பழைய டோஸ். இந்த தடவை நடுத் தட்டுல, ஒரு டப்பாக்குள்ள. நாப் மூணுல. ஒரு வாரத்துல அளவு இருநூறுக்குக் கீழ வந்துருச்சு.

ஆஃபீஸ்ல ஏதாவது கோளாறுன்னா "யூசர் தப்பு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி லாகைப் பாருடான்னு ஜூனியர் பசங்களுக்கு நாந்தான் சொல்லிக் குடுக்குறேன். வீட்டுல பெத்த அப்பாவையே யூசர்னு நெனச்சு பழியைப் போட்டாச்சு. போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். "சரி சரி, சாப்ட்டியா?"ன்னார். அவ்வளவுதான்.

ஆடியில ஊருக்குப் போனப்ப பார்த்தேன். ஃபிரிட்ஜ் பக்கத்துல ஆணியில ஒரு சின்ன மரக்கரண்டி தொங்குது. வாகை மரம், முனையெல்லாம் மழுங்கத் தேய்ச்சு, கைப்பிடியில ஒரு தாமரை.

"ஐஸு எடுக்கடா. தகட்டுல கீறல் விழாது"ன்னார் அப்பா.