காலந்தாழ்ந்த விடை

"ஐயா, நடிப்புக் கற்றுக்கொடுக்கும் பள்ளி எங்கேனும் உண்டா?"

பல்லாண்டுகளுக்கு முன், கல்லூரி நாள் விழா நாடகம் முடிந்த இரவில், அரிதாரம் கலையாத முகத்தோடு ஒரு மாணவன் என்னிடம் இவ்வாறு வினவினான். கம்பத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவன். தந்தை இல்லை. தாயார் நாள்தோறும் இருள் பிரியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர். அன்று நாடகத்தின் நடுவே ஒலிபெருக்கி பழுதுபட்டது. ஏனையோர் பேச்சு முன்வரிசையைத் தாண்டவில்லை. இவன் குரல் மட்டும் கடைசி வரிசையில் நின்றிருந்த காவலாளிக்கும் கேட்டது.

"முதலில் பட்டத்தைப் பெறு; கூத்தெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றேன். ஒரு தமிழாசிரியன் கூறிய விடை இது!

விடை அறியாதவன் அல்லன் யான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்ததை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைப்பவன். ஆறு வயதுப் பாலகராக டி.கே. சண்முகம் அங்கே சேர்ந்தார். அவருக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்னும் செய்தியைக் கூறும்போது மாணவர் முகம் மலரும். பாடலும் வசனமும் மனப்பாடம். ஆர்மோனியத்திற்கு இசையக் குரல். சொல் சிதையாத உச்சரிப்பு. பாய்ஸ் கம்பெனி என மக்கள் அழைத்த இக்குழுக்களே அந்நாளைய நடிப்புப் பள்ளிகள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் அவ்வழி வந்தவர்களே. இராமதாஸ் நாடகத்தில் நவாபு வேடமேற்ற இராஜமாணிக்கம் அப்பட்டத்தாலேயே இறுதிவரை அறியப்பெற்றார் என்பதை நம் மாணவர்கள் சற்றுப் பெருமையோடு கேட்பதுண்டு.

அப்பள்ளிகளுக்கு மறுபக்கமும் உண்டு. கம்பெனி வீட்டில் சோறு கிடைத்தது. ஏட்டுக்கல்வி பெரும்பாலோர்க்கு வாய்க்கவில்லை. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும், நேற்றுவரை இராஜபார்ட்டாக நின்ற சிறுவன் வேடமின்றி நின்றான். எனவே 'பட்டத்தைப் பெறு' என்றது முழுப்பிழை அன்று என என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆயினும் என் அத்தா சொன்னது உறுத்தியது. 1962-இல் தேனித் தொகுதியில் வென்ற எஸ்.எஸ். இராஜேந்திரன் சேடப்பட்டியில் பிறந்தவர், டி.கே.எஸ். நாடகக் குழுவில் பயின்றவர். அவர் மேடைப்பேச்சைக் கேட்ட அத்தா, "ஒரு சொல்கூடக் கீழே விழவில்லை" என்பார். இத்தனைக்கும் திரைப்படம் பார்ப்பதை வீட்டில் தடுத்தவர் அவரே.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாணவன் கேட்ட நாளில் எனக்குக் கூத்துப்பட்டறையைத் தெரியும். ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கியது அது. தெருக்கூத்தின் வலிமையில் மனம் தோய்ந்த எழுத்தாளர் அவர். கூத்தோடு குரலுக்கும் உடலுக்கும் பயிற்சி தந்து, முழுநேர நடிகர்களுக்கு மாத ஊதியமும் வழங்கி வந்தார். பசுபதியும் கலைராணியும் அங்கே உருவானவர்கள். ஒரு முகவரி எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். தாயார் வந்து கேட்டால் என்ன சொல்வது, ஊர்ப் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள் என்றஞ்சி வாய்மூடி இருந்தேன்.

அவன் பட்டம் பெற்றான். வேலை கிட்டவில்லை. கம்பத்தில் ஏலத்தோட்டத்திற்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறான். எங்குக் கண்டாலும் இறங்கி வந்து வணங்குவான்.

2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' வெளிவந்தது. நம் தேனிச் சீமையின் மண்ணையும் மக்களையும் காட்டிய அப்படம் தேசிய விருதும் பெற்றது. அவனே என்னை நிறுத்தி, "படம் பார்த்தீர்களா ஐயா? நம் ஊர்க்காற்று அப்படியே வீசுகிறது" என்றான். எனக்குத் தெரிந்ததைச் சொல்லும் ஆசிரியப் பழக்கம் என்னை விடவில்லை. "அதன் நாயகன் விஜய் சேதுபதி, சென்னையில் ஒரு நடிப்புப் பட்டறையில் கணக்கராக இருந்தவர், நடிகர்கள் பயில்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தே கற்றுக்கொண்டார்" என்றேன்.

"எந்தப் பட்டறை ஐயா?"

பெயரைச் சொன்னேன். தொடங்கிய ஆண்டையும் சொன்னேன்.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நான் கேட்டபோதே இருந்ததா ஐயா?" என்றான்.

ஆம் என்று தலையசைத்தேன். அவன் சினக்கவில்லை. ஜீப்பை நோக்கித் திரும்பி, "மெட்டு, மெட்டு! இரண்டு பேர் ஏறலாம்!" என்று குரல் கொடுத்தான். சாலையின் மறுகோடியில் தூக்குச்சட்டியோடு நின்ற பெண்கள் இருவர் ஓடி வந்தனர்.