ஏரிக்கு அடியில் ஒரு வரிச்சீட்டு

ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் ஓர் ஏரியின் தரையில்தான் கால் வைக்கிறார்கள். 1573இல் ஸ்பெயின் கப்பல்களும் டச்சுக் கலகக்காரர்களின் கப்பல்களும் மோதிக்கொண்ட ஹார்லெம் ஏரி இது. 1852இல் மூன்று ராட்சத நீராவிப் பம்புகள் இதை இறைத்து முடித்தன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3 மீட்டர் பள்ளத்தில் பெட்டிக்காகக் காத்திருக்கும் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. இறைப்பு இன்னும் நிற்கவில்லை. அதற்கான பில் ஆண்டுதோறும் வீடு தேடிப் போகிறது.

பில் அனுப்புவது அரசும் அல்ல, நகராட்சியும் அல்ல. நெதர்லாந்தில் நீருக்கென்றே தனி அரசாங்கம் உண்டு: 'வாட்டர்ஸ்காப்' என்னும் நீர் வாரியம். இந்தப் பகுதியின் ரைன்லாண்ட் வாரியம் 1255ஆம் ஆண்டுப் பட்டயத்திலேயே இடம்பெற்றுவிட்டது. அதன் பழைய மாளிகை லைடன் நகரின் கடைத்தெருவில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

ஆரம்பத்தில் பணம் கிடையாது, உழைப்புதான். ஒவ்வொரு விவசாயிக்கும் கரையில் ஒரு துண்டு. அதைக் காப்பது அவன் பொறுப்பு. நம்மூர்க் குடிமராமத்தின் தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆனால் தண்டனை கடுமை. தன் பங்கைப் பராமரிக்க முடியாதவன் கரையில் மண்வெட்டியைக் குத்திவிட்டு ஊரை விட்டுப் போக வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறவனுக்கு நிலமும் சொந்தம், கரையும் சுமை. காலப்போக்கில் உழைப்பு காசாக மாறியது. கரை எல்லோருக்கும் பொதுவானது.

இன்று கட்டட உரிமையாளர் சொத்து மதிப்பில் ஒரு சதவீதத்தின் சிறு பின்னத்தைக் கட்டுகிறார். விவசாயிக்கு ஹெக்டேர் கணக்கு. வாடகைக்கு இருப்பவரும் தப்ப முடியாது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. வசதியற்றவர்களுக்குப் பெரும்பாலான வாரியங்கள் தள்ளுபடி தருகின்றன. வசூலான பணம் வேறு துறைக்குப் போகாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

உள்ளூர்ப் பணம் மட்டும் போதும் என்ற நம்பிக்கையை 1953 பிப்ரவரி முதல் தேதி உடைத்தது. வடகடல் பொங்கி ஒரே இரவில் கரைகள் சரிந்தன. 1,836 பேர் மாண்டார்கள். அப்போது 2,500க்கும் மேற்பட்ட வாரியங்கள். சில, ஒரு கிராமத்துக்கு மட்டுமே. அவ்வளவு சிறிய கஜானாவால் கடலைத் தடுக்க முடியாது. டெல்டா அணைகளை மத்திய அரசு கட்டியது. வாரியங்கள் கடன் பெற 1954இல் தனி வங்கி பிறந்தது. இணைந்து இணைந்து இன்று 21 வாரியங்கள்தான். முக்கியக் கரைகளைப் பலப்படுத்த 2014 முதல் பாதிச் செலவு அரசுடையது. மறுபாதியை எல்லா வாரியங்களும் சேர்ந்து ஏற்கின்றன. ஆக, மேட்டில் இருப்பவரும் பள்ளத்துக்காரருக்காகக் கட்டுகிறார்.

முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. 2008இல் தபால் வழியே நடந்த வாரியத் தேர்தலில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் வாக்களித்தார். பிறகு மாகாணத் தேர்தலோடு சேர்த்து நடத்த வேண்டியதாயிற்று. வாக்கெடுப்பே இல்லாமல் சில இடங்கள் விவசாயிகளுக்கும் தொழில் துறைக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது நீண்ட நாள் சர்ச்சை. 2023இல் தொழில் துறையின் இடங்கள் ரத்தாயின; விவசாயத்துக்கு இரண்டு, இயற்கைப் பகுதிகளுக்கு இரண்டு என மிஞ்சின.

2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள முதல்வர் பினராயி விஜயன் 2019இல் இங்கே வந்து பார்த்தார். 'நதிக்கு இடம்' என்ற டச்சுத் திட்டத்தைக் கேரளம் எடுத்துக்கொண்டது. வரிச்சீட்டு மட்டும் விமானம் ஏறவில்லை. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் குட்டநாட்டில் பாடசேகரக் குழுக்கள் என்ற விவசாயிகள் அமைப்பு, அரசு மானியத்துடன் தண்ணீரை இறைக்கிறது. பயிர் இல்லாத பருவத்தில் பம்பு நின்றால், வரப்பின் ஓரத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. அந்த வீடுகளில் பலவற்றுக்கு வயலும் கிடையாது, குழுவில் குரலும் கிடையாது.